குழந்தையின் முதல் கில்ட்: கவந்தியா, அறுகோணமா, ஒட்டுப்படமா?

ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்குக் கில்ட் (துண்டுத்துணிகளை இணைத்து, அடுக்குகளாகத் தைக்கும் விரிப்பு) சொல்லித்தருபவர்கள் பலர் அமெரிக்க ‘நைன் பேட்ச்’ கட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். ஒன்பது சதுரங்கள், நேர்த்தையல், பார்வைக்கு எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தையலுக்கு விடும் கால் அங்குலத்தைப் பிள்ளையின் கை 2 மி.மீ. கூட்டி எடுத்தால், இரண்டு தையல்களின் நான்கு விளிம்புகளிலுமாகக் கட்டத்தின் அகலம் 8 மி.மீ. குறைந்துவிடும். பக்கத்துக் கட்டத்தோடு முனை சேராது. தைத்ததைப் பிரிக்கச் சொன்னால் குழந்தைக்கு ஊசியின் மேலேயே வெறுப்பு வரும்.

என் முதல் தேர்வு கவந்தி. கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி பழங்குடிப் பெண்களின் கைவேலை இது. பழைய புடவையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்குவார்கள். துண்டுத்துணிகளின் ஓரத்தை உள்ளே மடித்து, ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறும்படி வைத்து, ஓட்டுத்தையல் போட்டபடியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலில் முடிகின்றன. அளவுகோல் வேண்டாம், மாதிரி அட்டை வேண்டாம். அடுத்து எந்தத் துண்டு என்பதைத் தைத்துக்கொண்டே முடிவு செய்யலாம். குழந்தைகள் படம் வரைவதும் அப்படித்தானே? இடைவெளி விழுந்தால் மேலே இன்னொரு துண்டு. நான்கு மூலைகளிலும் ‘ஃபூலா’ எனப்படும் மடித்த முக்கோணப் பூக்களை வைப்பார்கள். அவை இல்லாத கவந்தி ஆடையில்லாதது என்பது அவர்கள் வழக்கு. பிள்ளைகள் முதலில் செய்ய விரும்புவதே இந்தப் பூவைத்தான்.

சிக்கலும் உண்டு. மடிப்புகள் குவியும் இடத்தில் ஊசி இறங்காது. ஆகவே மெல்லிய பருத்தித் துணி, பெரிய காதுள்ள ஊசி, ஒரு முழத்துக்கு மிகாத நூல். அளவு இரண்டு சாண் போதும். ஓரத்தைப் பெரியவர்கள் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுக்கலாம்.

அறுகோணம் பொறுமைசாலிகளுக்கு. காகித அறுகோணத்தின்மேல் துணியை மடித்து நூலோட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்தபின் காகிதத்தை உருவிவிடுவது. இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு பொறித்த பட்டு விரிப்பு ஒன்று இப்படிக் காகிதம் வைத்துத் தைக்கப்பட்டதுதான். துல்லியத்தைக் காகிதம் பார்த்துக்கொள்ளும். ஏழு துண்டுகளில் ஒரு பூ முடியும். அதோடு பல குழந்தைகள் ஓய்ந்துவிடுவார்கள். அதை விரிப்பாக்கும் வேலை அம்மாவின் தலையில்.

கதை சொல்லும் கலைக் கில்ட்தான் நோக்கம் என்றால் ஒட்டுப்படம்: துணியில் உருவங்களை வெட்டி, அடித்துணியின்மேல் பொருத்துவது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் 1886இல் காட்சிக்கு வைத்த பைபிள் கில்ட் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெட்டி வைத்துத் தைத்த மனிதர்களும் மிருகங்களும்தான் அதில் கதை சொல்கின்றன. பிள்ளைகளை உடனே கவரும். ஆனால் இன்று பலர் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைத்தாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் குழந்தை கற்பது கத்தரி பிடிப்பதை மட்டுமே. ஒட்டிய உருவத்தைச் சுற்றி ஒரு வரி ஓட்டுத்தையலாவது போடச் சொல்லுங்கள்.

ஐந்து வயதுக்குள் என்றால் துணியில் வரையவிட்டு, ஓரத்தைப் பெரியவர் தைக்கலாம். அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டின் முதல் கில்ட், 1980இல் செய்த ‘எக்கோஸ் ஆஃப் ஹார்லெம்’, அவரும் அவர் தாய் வில்லி போசியும் சேர்ந்து உருவாக்கியதே. விரிப்பின் பின்புறத்தில் குழந்தை, பெரியவர் இருவர் பெயரையும் எழுதிவிட்டால் சரி.