இணையப் பக்கத்தை உரையாகச் சேமிக்க: லிங்ஸ், டபிள்யூ3எம், ட்ராஃபிலாட்டுரா

தமிழ்ச் செய்திக் கட்டுரைகளை உரைக் கோப்புகளாகச் சேர்த்து வைப்பது என் வழக்கம். செய்தித் தளங்கள் வடிவத்தை மாற்றும்போது பழைய சுட்டிகள் பல செத்துப்போகின்றன; நம் வட்டில் இருப்பதுதான் மிஞ்சும். இதற்குக் கட்டளை கொடுத்து இயக்கும் நிரல்களில் முதலில் லிங்ஸ், அப்புறம் டபிள்யூ3எம் என்று போய், இப்போது ட்ராஃபிலாட்டுராவில் நிற்கிறேன். டபிள்யூகெட், கர்ல் என்ற பதிவிறக்க நிரல்கள் இரண்டும் எச்டிஎம்எல்லை (பக்கத்தின் மூலக் குறியீட்டை) அப்படியே கொண்டுவந்து போடுபவை, அவற்றை விட்டுவிடலாம்.

லிங்ஸ் 1992-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான, டெர்மினலில் (எழுத்து மட்டும் தெரியும் கட்டளைத் திரையில்) ஓடும் உலாவி. டம்ப் என்று ஒரு தெரிவு (ஆப்ஷன்) கொடுத்தால் பக்கத்தை உரையாகக் கொட்டிவிடும். நோலிஸ்ட் தெரிவையும் சேர்த்தால் அடியில் வரும் இணைப்புப் பட்டியல் போய்விடும். டபிள்யூ3எம்மும் இதே வேலையைச் செய்கிறது, அட்டவணைகளைக் கட்டம் குலையாமல் தருவதில் லிங்ஸைவிட நன்றாகவே செய்கிறது. இரண்டும் உலாவிகள் என்பதால் மெனு, 'மேலும் படிக்க', பகிர்வுப் பொத்தான்கள் எல்லாமே கூடவே வரும். அட்ரியன் பார்பரேசி பைதானில் எழுதிய ட்ராஃபிலாட்டுரா மையக் கட்டுரையை மட்டும் தேடி எடுக்கிறது.

குப்பை வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் மாறியதற்குக் காரணம் வரி மடிப்பு. லிங்ஸும் டபிள்யூ3எம்மும் திரைக்காக எழுதப்பட்டவை. சுமார் 80 எழுத்திடம் வந்ததும் வரியை உடைத்து அடுத்த வரிக்குப் போகும். படிக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 'மேட்டூர்' ஒரு வரியின் கடைசியிலும் 'அணை' அடுத்த வரியின் முதலிலும் விழுந்துவிட்டால், 'மேட்டூர் அணை' என்று, வரிவரியாகத் தேடும் கிரெப் நிரலில் தேடும்போது அந்த இடம் அகப்படாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரு வரியில் கொஞ்சம் சொற்கள்தான் அடங்கும், அதனால் இந்த முறிவு அடிக்கடி நேரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. கட்டுரையில் அந்தப் பேச்சே இல்லை என்று நாமும் நம்பிவிடுவோம். தேடி எடுப்பதற்காகத்தானே சேமிக்கிறோம்?

இரண்டு பதிப்புகளை வரிவரியாக ஒப்பிடும் டிஃப் போட்டுப் பார்ப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். பத்தியின் தொடக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தாலே கீழே உள்ள வரிகள் எல்லாம் நகர்ந்து, பத்தி முழுக்க மாறியதாகக் காட்டும். ட்ராஃபிலாட்டுரா ஒரு பத்தியை ஒரே நீள வரியாக எழுதுகிறது. கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கிட் நிரலில் சொல்வாரியான டிஃப் கேட்டால் மாறிய சொல் மட்டும் தனியாகத் தெரியும். டபிள்யூ3எம்மில் கால்ஸ் தெரிவுக்குப் பெரிய எண் கொடுத்து மடிப்பைப் பெருமளவு தவிர்க்கலாம்தான். ஆனால் நடுவில் நிற்க வேண்டிய தலைப்புகள் வெற்றிடத்தோடு எங்கோ வலப்பக்கம் தள்ளிப்போகும்.

ஆவணங்களை வடிவம் மாற்றும் பான்டாக்கிலும் மடிப்பை நிறுத்தும் தெரிவு உண்டு. அதை ஆவணங்களுக்குப் பயன்படுத்திய அளவுக்கு இணையப் பக்கங்களுக்கு நான் பயன்படுத்தியதில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மெனுவைத் தானாகக் கழற்றும் வேலை அதற்குக் கிடையாது என்பது மட்டும் நிச்சயம்.

ட்ராஃபிலாட்டுராவிலும் இடறல்கள் உண்டு. எது கட்டுரை என்று அதுதான் முடிவு செய்கிறது. படக் குறிப்பு, பெட்டிச் செய்தி போன்றவற்றைச் சில நேரம் விட்டுவிடும். ரீகால் தெரிவைக் கொடுத்தால் கூடுதலாக அள்ளும், கொஞ்சம் குப்பையும் சேரும். வாசகர் கருத்துகள் வேண்டாமென்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும், இயல்பாக அவையும் சேர்ந்தே வரும். தளத்தின் முகப்புப் பக்கம், தேர்தல் முடிவு மாதிரி வெறும் அட்டவணைப் பக்கம் என்றால் இன்றும் டபிள்யூ3எம்மைத்தான் அழைக்கிறேன்.

ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் உரை தெரியும் என்கிற பக்கங்களில் மூன்றுமே வெறுங்கையோடு திரும்பும். குரோமைத் திரையில்லாமல் இயக்கி, டம்ப்-டாம் தெரிவு தரும் எச்டிஎம்எல்லைக் குழாய் (ஒரு நிரல் தருவதை அடுத்ததற்கு அனுப்பும் பைப்) வழியாக ட்ராஃபிலாட்டுராவுக்குக் கொடுங்கள். பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.