பி-3யா, ஓ-1ஆ? சென்னைக் கச்சேரிக் குழுவை அமெரிக்காவுக்கு அழைக்கும்போது

விசா வகையைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் முதலில் பாடகரைப் பார்க்கிறார்கள். அவருக்கு என்ன விருது, டிசம்பரில் எந்தச் சபாவில் மாலைக் கச்சேரி, இதுவரை எத்தனை நாடு போயிருக்கிறார் என்று. பார்க்க வேண்டியது அவருக்கு இரண்டு பக்கமும் உட்காருகிறவர்களை. கோளாறு பெரும்பாலும் வயலின், மிருதங்கக்காரர்களின் தாளில்தான் தொடங்கும்.

கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை 1978-லிருந்து நடக்கிறது. ஈஸ்டரை ஒட்டி அதற்குப் போகிறவர்களில் பலர் அப்படியே ஊர் ஊராகப் பாடிக்கொண்டு ஜூன் வரை இருப்பார்கள். கோடையில் அரங்கேற்ற சீசன். அதற்கும் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், புல்லாங்குழல் என்று சென்னையிலிருந்துதான் ஆள் போகும். ஆக, ஒரே மிருதங்கக்காரர் ஏப்ரலில் ஒரு பாடகருக்கும் ஜூலையில் நான்கு அரங்கேற்றங்களுக்கும் வாசிப்பார். இதை எந்த விசா தாங்கும் என்பதுதான் கேள்வி.

பி-3 என்பது பண்பாட்டுத் தனித்துவம் உள்ள கலைகளுக்கான வகை. மேடை ஏறுவது மட்டுமல்ல, சொல்லிக்கொடுப்பதும் இதில் அடங்கும். டூருக்கு நடுவில் பட்டறை வைப்பவர்களுக்கு இது பெரிய வசதி. அழைப்பவர் அமெரிக்கக் குடிவரவுத் துறைக்குப் போடும் மனுவான (பெட்டிஷன்) ஐ-129 படிவம் ஒன்றில் 25 பேர் வரை சேர்க்கலாம். காலம் ஒரு வருடம். ஓ-1பி (ஓ-1-இன் கலைஞர் பிரிவு) அசாதாரணத் திறமை உள்ள தனிநபருக்கானது. மூன்று வருடம் வரை கிடைக்கும், ஆனால் அவ்வளவு காலத்துக்கும் நிகழ்ச்சிகள் இருப்பதாகத் தேதியோடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கடைசிக் கச்சேரித் தேதியோடு வெட்டிவிடுவார்கள். பெரிய சர்வதேச விருது இல்லாதவர்கள் ஆறு அளவுகோல்களில் மூன்றையாவது நிரூபிக்க வேண்டும்: முதன்மைக் கலைஞராகப் பங்கேற்பு, விமர்சனங்கள், நிபுணர்களின் அங்கீகாரம், உயர்ந்த சன்மானம் போன்றவை. நம் வித்வான்கள் பலருக்குக் கடைசியதைக் காட்டத் தாள் இருக்காது. பாதிச் சன்மானம் கவரில் வந்திருக்கும்.

ஓ-1-இல் பாடகர் வந்தால் பக்கவாத்தியம், அவருக்குத் துணையாக வருபவர்களுக்கான ஓ-2-இல் வர வேண்டும். சிக்கல் இங்கேதான். ஓ-2 ஆசாமி அந்தப் பாடகரோடு மட்டுமே வாசிக்கலாம். பாடகர் மே மாதம் ஊர் திரும்பிவிட்டால் ஜூலை அரங்கேற்றத்துக்கு அந்த மிருதங்கம் செல்லாது. பி-3-இல் எல்லாருமே கலைஞர்கள். பெட்டிஷன் போடுகிறவர் ஏஜென்ட்டாக இருந்து, அரங்கேற்றங்களையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, அந்தந்தக் குடும்பத்தோடு போட்ட ஒப்பந்தத்தையும் இணைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. நட்டுவாங்கம் செய்பவரைக் கலைஞர் பட்டியலில் போடுங்கள். மேக்கப்காரர், ஒலிப்பதிவாளர் துணைப் பணியாளர்கள். அவர்களுக்குத் தனிப் படிவம் வேண்டும்.

ஆள் மாறினால்? புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது வயலின்காரருக்கு டைஃபாய்டு என்று வைத்துக்கொள்வோம். பி-3 குழு பெட்டிஷன் என்றால் அனுமதி நோட்டீசின் நகலோடு, இன்னாருக்குப் பதில் இன்னார் என்று ஒரு கடிதம் எழுதித் துணைத்தூதரகத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. துணைப் பணியாளருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஓ-1-இல் ஆள் மாற்றம் என்ற பேச்சே இல்லை.

செலவிலும் பி-3 தான் கைக்கு அடக்கம். 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி லாப நோக்கற்ற சபாவுக்கும் 25 பேருக்கு மேல் ஊழியர் இல்லாத சிறு நிறுவனத்துக்கும் பி படிவம் 510 டாலர், ஓ படிவம் 530. மற்றவர்களுக்கு 1,015, 1,055. அதன் மேல் புகலிடத் திட்டக் கட்டணம் என்று ஒன்று: பெரிய நிறுவனத்துக்கு 600, சிறு நிறுவனத்துக்கு 300, லாப நோக்கற்ற அமைப்புக்கு எதுவும் இல்லை. ஐந்து பேர் குழுவைச் சபா ஒன்று அழைத்தால் பி-3-இல் ஒரே 510. ஓ-வில் பாடகருக்கு ஒன்று, ஓ-2 குழுவுக்கு ஒன்று, மொத்தம் 1,060. நேர்காணலுக்கு முன் ஆளுக்கு 205 டாலர் விசாக் கட்டணம் இரண்டிலும் உண்டு. அவசரக் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும்; அது 2,800 டாலரைத் தாண்டும் என்பதால் ஒரே ஒரு கச்சேரிக்காக அதைக் கட்டுவது வீண். ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆறு மாதமாவது முன்னால் போடுங்கள்.

அப்படியானால் ஓ-1 யாருக்கு? தனியாகவே வந்து, அங்குள்ள ஜாஸ் குழுவோடும் பல்கலைக்கழகத்தோடும் இரண்டு மூன்று வருடம் வேலை செய்யப் போகிறவருக்கு. ஃப்யூஷன் என்றாலே பி-3 கிடைக்காது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு யூத இசைக்குழுவின் வழக்கில், கலப்பு வடிவமும் பண்பாட்டுத் தனித்துவமாக இருக்க முடியும் என்று 2012-இல் முன்னுதாரணத் தீர்ப்பே வந்திருக்கிறது. ஆனாலும் அதிகாரி கூடுதல் ஆதாரம் கேட்பார். அதற்கு நிபுணர் கடிதம் தயாராக இருக்கட்டும்.

இரண்டு வகைக்கும் தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம் வேண்டும். வாத்தியக்காரர்களுக்கு ஏ.எஃப்.எம்., நாட்டியத்துக்கு ஏ.ஜி.எம்.ஏ. தமிழ்ப் பத்திரிகை விமர்சனங்களை முழுதாக மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் சான்றும் வைக்க வேண்டும்.

அதிகம் அடிபடுவது பெயரில். பத்திரிகைத் துணுக்கில் ஊர்ப்பெயரோடு ஒரு பெயர் இருக்கும். அழைப்பிதழில் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் நிற்கும். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழும். பெட்டிஷனில் பாஸ்போர்ட்படியே எழுதி, மேடைப்பெயரும் இதுவும் ஒருவரே என்று உறுதிமொழித் தாள் ஒன்று சேர்த்துவிட்டால் தொல்லை இல்லை.

விசிட்டர் விசாவில் வந்து பாடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘சம்பளம் இல்லை, சன்மானம்தான்’ என்ற சமாதானம் விமான நிலையத்தில் எடுபடாது. டிக்கெட் விலையோடு போஸ்டர் ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் இருக்கும்.

பிரிட்டன் கதை வேறு. அங்கே ஒரு மாதத்துக்குள் முடியும் டூருக்கு விசிட்டர் விசாவே போதும். நிகழ்ச்சி முன்கூட்டியே உறுதியாகி, அங்குள்ள அமைப்பின் அழைப்புக் கடிதத்தோடு, வந்திறங்கிய 30 நாளுக்குள் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் கிரியேட்டிவ் ஒர்க்கர் விசா: 12 மாதம் வரை கிடைக்கும், ஆனால் அழைக்கும் அமைப்பிடம் ஸ்பான்சர் உரிமம் இருந்தாக வேண்டும். வருடத்துக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தும் சங்கம் அந்த உரிமத்துக்கு அலைவதைவிடக் கச்சேரித் தேதிகளை நெருக்கிப்போடுவது மேல்.

பணம் கொடுக்கும்போதும் இரு நாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் வெளிநாட்டுக் கலைஞருக்கு 30 சதவீதம் பிடித்தம். செலவு போக மிச்சத்துக்கு மட்டும் பிடிக்கும்படி வரித்துறையோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். முதல் நிகழ்ச்சிக்கு 45 நாள் முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பிரிட்டனில் பிடித்தம் 20 சதவீதம்.

ஓவியர், சிற்பி என்றால் கணக்கு மாறும். அமெரிக்க நிறுவனத்தோடு வேலை ஒப்பந்தமோ அங்கே தொடர்ந்து விற்கும் எண்ணமோ இல்லாத ஓவியர் அங்கு போய் வரைய பி-1 என்ற தொழில்முறை விசிட்டர் விசா போதும். தலைவலி ஆளால் அல்ல, பெட்டியால். மரப்பெட்டியின் பலகை நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டி அப்படியே திரும்பிவிடும். காட்சிக்கு வைத்துத் திருப்பிக் கொண்டுவரும் படைப்புகளுக்கு, போகும் நாடு ஏற்குமானால், ஃபிக்கி என்ற இந்தியத் தொழில் வர்த்தக சபைகளின் கூட்டமைப்பு வழங்கும் ஏ.டி.ஏ. கார்னே (வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம்) நல்லது. ஒரு வருடம் செல்லும். விற்கும் எண்ணம் இருந்தால் அதைத் தொடாதீர்கள், சாதாரண ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லில் அனுப்புங்கள். சுவாமிமலைச் சிலை நேற்று வார்த்ததாகவே இருக்கட்டும், தொல்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்று இல்லாவிட்டால் சுங்கத்தில் நிற்கும்.

கையோடு வரும் வாத்தியங்களையும் பாருங்கள். பழைய தஞ்சாவூர் வீணையில் தந்தமோ மான்கொம்போ இழைத்திருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிடுங்கள். கஞ்சிராவில் உடும்புத்தோல் என்றால் இங்கே வனவிலங்குச் சட்டம், அங்கே அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம், இரண்டிலும் மாட்டும். ஆட்டுத்தோலோ செயற்கைத்தோலோ போட்ட கஞ்சிராவை எடுத்துப் போகச் சொல்லுங்கள். நாதம் கொஞ்சம் குறையும்தான்.