1 கிலோ + 500 கிராம் எபாக்சி ரெசின் செட்: வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?

மேசைப் பலகை மேல் ஊற்ற வேலூர் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் 2:1 எபாக்சி செட் (இரண்டு பங்கு ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு பங்கு), சரக்காகப் பார்த்தால் நல்ல சரக்குதான். கண்ணாடி மாதிரி தெளிவாக இறுகுகிறது. கோளாறு உள்ளே வைத்திருக்கும் சீட்டில்.

ஊற்றி முடிக்க ‘கலந்தபின் 40 நிமிடம்’ என்று போட்டிருக்கிறது, கீழே பொடி எழுத்தில் 25 டிகிரி. மே மாதம் இங்கே 25 டிகிரிக்கு ஏ.சி. அறைதான் கதி! வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். 38 டிகிரி ஷெட்டில் கால் மணி நேரம்தான் கையில் இருக்கும்.

அதைவிட முக்கியம், சீட்டில் இல்லாத வெப்பக் கணக்கு. ரெசினில் உள்ள எபாக்சி வளையம் ஹார்ட்னரில் உள்ள அமீனோடு சேர்ந்து திறக்கும்போது மோலுக்குச் சுமார் 100 கிலோஜூல் வெளிவரும். சாதாரண ரெசினின் எபாக்சி ஈக்விவலன்ட் எடை, அதாவது ஒரு மோல் எபாக்சி வளையம் அடங்கிய ரெசினின் எடை, 190 கிராம் அளவில் இருக்கும். 100 கிராம் ரெசின் என்றால் 0.53 மோல், அதாவது 53 கிலோஜூல். ஹார்ட்னரோடு சேர்த்து 150 கிராம் கலவை. ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற 2 ஜூல் வெப்பம் என்று வைத்தால், 53,000-ஐ 300-ஆல் வகுக்க சுமார் 177 டிகிரி ஏற்றம். 38-ல் தொடங்கினால் 200-ஐத் தாண்டும். வெப்பம் கொஞ்சமும் வெளியே போகாவிட்டால் வரும் உச்சம் இது. தட்டில் பரப்பினால் கிட்டவே நெருங்காது. கப்பிலேயே விட்டால் கணிசமாக நெருங்கும்: முதலில் நடுப்பகுதி மஞ்சளாகும், நுரைக்கும், புகையும், டிஸ்போசபிள் கப் அடியில் தொய்ந்து உட்காரும். அந்தக் கப்பைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். வெளியே செங்கல் மேல் வைத்து விலகி நில்லுங்கள்.

கலந்ததும் உடனே ஊற்றுங்கள், 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். 2 அடிக்கு 1 அடி பலகைக்கு ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 1 கிலோ கலவை பிடிக்கும். மொத்தமாகக் கலக்காமல் மூன்று பங்காகக் கலந்து அடுத்தடுத்து ஊற்றலாம். விகிதம் எடையா கொள்ளளவா என்று சீட்டில் பாருங்கள். ஹார்ட்னர் அடர்த்தி குறைவு, இரண்டும் ஒன்றல்ல. ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தப்புக்கணக்கு. மிஞ்சும் அமீன் பரப்பைப் பிசுபிசுப்பாக்கும். பாட்டிலை ஐஸில் வைப்பதும் வம்பு, ஈரம் படிந்து வெள்ளை பூக்கும்.

பலகைப் பூச்சுக்குத் தாராளமாக வாங்கலாம். 3 செ.மீ. தடிமனில் வார்க்கிறவர்கள் மெதுவாக இறுகும் ‘டீப் போர்’ (deep pour, தடிமனாக ஊற்றுவதற்கான) வகையைக் கேட்டு வாங்குங்கள்.