நிறுத்திய பிறகும் வேலை செய்த மாத்திரை

"ஏனுங்க மாமா, அப்பாவுக்குச் சிறுநீர் ரத்தமாகப் போகிறது" என்று அக்கா மகன் காங்கேயத்திலிருந்து விடிகாலையில் போன் செய்தான். அவன் அப்பா காசநோய் மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது நாள். நான் சிரித்துவிட்டேன், அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அதே மாத்திரையை ஆறு மாதம் தின்று முடித்து எனக்கு நான்கு மாதம் ஆகிறது. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

ரத்தமில்லை, சாயம். ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் தூளே செங்கல் நிறம். வயிற்றுக்குள் போன சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சாகும், வியர்வையும் கண்ணீரும் கூட நிறம் மாறும். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இருபது ஆண்டுகள் ஷேடு பார்த்தவன், அதாவது சாயத்தின் நிறம் சரியா என்று பார்த்தவன் நான். காலை பத்து மணிக்கு அடர் ஆரஞ்சு, இரவு வெளிர் மஞ்சள் என்று தினமும் கழிவறையில் லேப் டிப் (சின்னத் துணியில் சாய நிறம் சோதிப்பது) பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை பனியனின் அக்குளில் விழுந்த கறையைத் துவைத்துத் துவைத்துப் பார்த்தேன். எங்கள் பட்டறைச் சாயம் சிலவற்றுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள், மென்மையான லென்ஸில் ஏறும் நிறம் போகாது.

இந்த வேடிக்கையில் ஒரு ஆபத்தும் உண்டு. மஞ்சள் காமாலையை வழக்கமாகச் சிறுநீரின் நிறத்தை வைத்துத்தான் சந்தேகிப்போம். இங்கே அந்த அடையாளம் செல்லாது. கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தாலோ, பசியற்று வாந்தி வந்துகொண்டே இருந்தாலோ மருத்துவரிடம் அன்றைக்கே ஓட வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஐசோனியசிட், பைரசினமைடு, ரிஃபாம்பிசின் மூன்றுக்குமே கல்லீரல்மேல் ஒரு கண் உண்டு. அதற்கு மேல் சாராயமும் ஊற்றுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவதான எத்தாம்பியூட்டால்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அரிதாகப் பார்வையைப் பாதிக்கும், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போகலாம் என்றார்கள். ஷேடு பார்க்கிறவனிடம் சொல்லக்கூடிய சேதியா இது? தினமும் காலையில் ஷேடு கார்டை ஜன்னலோரம் வைத்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கால் எரிச்சல் வராமலிருக்க பி6 மாத்திரையும் கூடவே கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் விழுங்கியதும் வந்த குமட்டல் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

என் கோபம் இவற்றின்மேல் இல்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. மெட்ஃபார்மினும் 2 மில்லிகிராம் கிளிமிபிரைடும் எடுத்துக்கொண்டிருந்தேன். காசநோய் மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 250ஐத் தாண்டியது. நோயாலும் ஏறும்தான், ஆனால் ரிஃபாம்பிசினுக்குத் தனியாக ஒரு குணம் இருக்கிறது. கல்லீரலை நம் சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிஃபாம்பிசின் அங்கே போய் நைட் ஷிப்டுக்கும் ஆள் சேர்த்துவிடுகிறது. சேர்த்த ஆட்கள் சும்மா இருப்பார்களா? வருகிற மற்ற மருந்துகளையெல்லாம் அவை வேலை செய்யுமுன்னே கழுவி வெளியே தள்ளிவிடுகிறார்கள். கிளிமிபிரைடு அப்படித்தான் பாதியில் போனது. இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு, எச்.ஐ.வி. மருந்துகள் சில, எல்லாவற்றுக்கும் இதே கதி. கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருக்கும் பெண்கள் வேறு வழி கேட்டுக்கொள்வது நல்லது. இதை நம் வீடுகளில் யாரும் வாய்திறந்து கேட்பதில்லை.

சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர் இன்சுலின் போடலாம் என்றார். ஊசிக்குப் பயந்து மறுத்தேன், என் முட்டாள்தனம். கிளிமிபிரைடை 4 ஆக்கினார். சர்க்கரை இறங்கியது. காசநோய் மாத்திரை எடையைப் பொறுத்தது: 48 கிலோவில் மூன்று மாத்திரையோடு தொடங்கியவன், இரண்டு மாதத்தில் 53 கிலோவாகி நான்கு மாத்திரைக்கு உயர்ந்தேன். சளியில் கிருமி இல்லை என்று வந்தது. ஆறு மாதம் முடிந்தது, வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

பதினாறாவது நாள் பல்லடம் பஸ் நிலையத்தில் கை நடுங்கியது. சட்டை முழுக்க வியர்வை, எதிரே நின்ற பஸ்ஸின் ஊர்ப்பெயரைப் படிக்க முடியவில்லை. டீக்கடைக்காரர் பார்த்தவுடன் புரிந்துகொண்டு, நாட்டுச் சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ கொடுத்தார். பத்தாண்டாக நான் விலக்கி வைத்த கவுந்தப்பாடிச் சர்க்கரை அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. பக்கத்து மருந்துக்கடையில் விரலைக் குத்திப் பார்த்தபோதும் சர்க்கரை 54தான் இருந்தது, அவ்வளவு இறங்கியிருந்தது.

நடந்தது இதுதான்: ரிஃபாம்பிசினை நிறுத்தினால் இரண்டு வாரத்துக்குள் அந்த நைட் ஷிப்ட் ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு 4 மில்லிகிராம் முழு 4 மில்லிகிராமாக வேலை செய்யும். ஏற்றிய அளவை இறக்க வேண்டும் என்று காசநோய்க்குப் பார்த்தவர் சொல்லவில்லை, சர்க்கரைக்குப் பார்த்தவரும் சொல்லவில்லை. ஒருவர் சீட்டை மற்றவர் படித்ததாகவே தெரியவில்லை. வரும்போது மேளம் கொட்டி ஆரஞ்சாக வந்த மருந்து, போகும்போது சொல்லாமல் போனது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாத்தாவின் தம்பி இதே நோய்க்குப் பெருந்துறை சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடந்தவர். வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று சென்னை ஆய்வு 1959இல் காட்டிய பிறகும், சிகிச்சை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. அதை ஆறு மாதமாகக் குறுக்கியதில் இந்தச் செங்கல் தூளுக்குப் பெரும் பங்கு. எனக்கு ஒரு பைசா செலவில்லை, ஊட்டத்துக்கு மாதம் 1,000 ரூபாயும் கணக்கில் ஏறியது. உயிரோடு இருக்கிறேன். இந்த மருந்துக்கு என் கணக்கில் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்.

அக்கா மகனிடம் கடைசியாகக் கேட்டேன்: அப்பா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? தெரியாதாம். சீட்டைத் தேடி எடுத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான். ஐந்து நாள் ஆகிறது. நாளை காலை காங்கேயம் பஸ் ஏறுகிறேன்.