மினாக்ஸிடில் என்ற முடி மருந்து: மூன்று வருடம் தடவிய அனுபவம்

முதலில் காட்டிக்கொடுத்தது ரப்பர் பேண்ட்தான். இரண்டு சுற்றில் இறுகிய முடி மூன்று சுற்று கேட்டது. 2022 தீபாவளிக்குள் நான்கு. பிறகு ஒரு கல்யாண வீட்டுப் படம். நான் குனிந்து பரிமாறிக்கொண்டிருக்கும்போது யாரோ எடுத்தது. ஒற்றையடிப் பாதையாக இருந்த வகிடு, உச்சியில் மாட்டுவண்டித் தடம் மாதிரி அகன்று கிடந்தது. அப்போது எனக்கு வயது 36.

எங்கள் மதுரைப் பக்கம் முடி கொட்டினால் முதல் பழி போர் தண்ணீர் மேல்தான். அடுத்தது ஷாம்பு. "வாரம் ரெண்டு தடவை எண்ணெய் தேச்சுக் குளிடி, தன்னால நிக்கும்" என்று கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் போட்டு அம்மா காய்ச்சிக் கொடுத்தாள். முடி பளபளத்தது, சிக்கு குறைந்தது. வகிடு மட்டும் அகன்றுகொண்டே போனது. எண்ணெயைக் குறை சொல்லவில்லை, இன்றும் தேய்க்கிறேன். அது வெளியே வந்துவிட்ட முடிக்குத்தான் காவல், வேருக்குள் நடப்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. நடுவில் எட்டு மாதம் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வேறு. அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனை, முக்கியமாக தைராய்டு அளவு, பயோட்டினால் தப்பாக வரலாம் என்று பின்னால்தான் தெரிந்தது. போடுகிறவர்கள் டெஸ்டுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முடிக்கென்றே இருக்கும் ஒரு கிளினிக்கிலும் ஏறி இறங்கினேன். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆறு ஊசிக்கு ஒரு பேக்கேஜ், மாதத் தவணை வசதி உண்டு என்று அட்டையை நீட்டினார்கள். ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை. வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தோல் டாக்டரம்மாதான் தலைக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடிக் கருவியை வைத்துப் பார்த்தார். உச்சியில் தடித்த முடியும் மெலிந்த முடியும் கலந்து கிடந்தன. பிடரியில் எல்லாம் ஒரே தடிமன். "உங்களுக்கு ரெண்டு பிரச்சினை ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கும்மா" என்றார். அந்த ஒரு வரிக்கே கன்சல்டிங் ஃபீஸ் தகும்.

ஒன்று, கொத்தாகக் கொட்டுவது. அந்த வருஷம் ஜூனில் எனக்கு டெங்கு. செப்டம்பரில் குளியலறை ஜாலி அடைத்தது. இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. உடம்புக்குப் பெரிய அடி விழுந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடுமாம். அவை உதிர இரண்டு மூன்று மாதம் ஆகும். டைபாய்டு, பிரசவம், பட்டினி டயட் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இது பெரும்பாலும் தானாக மீளும். ஆனால் என் உடம்பில் இரும்பும் காலி. ஹீமோகுளோபின் 12.1 என்று பார்த்ததும் நிம்மதியானேன். டாக்டர் விரலை வைத்தது அடுத்த வரியில்: ஃபெரிட்டின் 9. அது உடம்பு சேமித்து வைக்கும் இரும்பு. மாதாமாதம் அதிகப் போக்கு உள்ளவர்களுக்கு இப்படி ஆவது சாதாரணம் என்றார். இரும்பு மாத்திரை ஆறு மாதம். மாத்திரையை ஒட்டி டீ குடிக்கக்கூடாது. எனக்கு அதுதான் பெரிய தண்டனை.

இரண்டாவது, பரம்பரையாக வரும் மெலிவு. சீட்டில் 'லுட்விக் 1' என்று இருந்தது. பெண்களின் முடி மெலிவை லுட்விக் என்ற தோல் மருத்துவர் 1977-ல் மூன்று நிலையாகப் பிரித்தார், நான் முதல் படி. ஆண்களைப் போல நெற்றி ஏறாது. முன்வரிசை அப்படியே நிற்க, பின்னால் உச்சி வெளிச்சமாகும். இதற்குத்தான் மினாக்ஸிடில். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது கண்ட இடத்தில் முடி முளைத்ததைப் பார்த்துத் தலைக்குக் கொண்டுவந்த மருந்து. அமெரிக்காவில் ஆண்களுக்கு 1988-லும் பெண்களுக்கு 1991-லும் அனுமதி கிடைத்தது.

2023 ஜனவரியில் 2% லோஷனில் ஆரம்பித்தேன். காலை 1 மி.லி., இரவு 1 மி.லி. 60 மி.லி. பாட்டில் சரியாக ஒரு மாதம் வரும். மூன்றாவது வாரம் முடி முன்னைவிட மோசமாகக் கொட்ட ஆரம்பித்தது. சீப்பைப் பார்த்தாலே அழுகை. பழைய முடியைத் தள்ளிவிட்டுத்தான் புதுசு கிளம்பும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். இல்லையென்றால் பாட்டிலை அன்றே குப்பையில் போட்டிருப்பேன். விட்டுவிடுகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள் என்பது என் ஊகம். எனக்கு ஆறு வாரத்தில் அடங்கியது.

ஐந்தாவது மாதம் வகிட்டோரம் குட்டிக் குட்டியாக முடி நட்டுக்கொண்டு நின்றது. படிய வைக்க முடியாது. அலுவலகத்தில் ஒருத்தி "என்ன அக்கா, ஷாக் அடிச்சிருச்சா?" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் சிரித்ததில்லை.

லோஷன் எனக்கு அரிப்பு, செதில் என்று படுத்தியது. அதில் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் பலருக்கு ஆகாதாம். நுரை வகையில் அது கிடையாது. 5% நுரைக்கு மாறினேன், இரவு ஒரு வேளை, அரை மூடி. முடியில் படாமல் வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் தொடவேண்டும், காய்ந்த பிறகுதான் படுக்கை. நான் ஆரம்பத்தில் ஈரத்தோடு படுத்துவிடுவேன். தலையணை வழியாகவோ என்னவோ, கிருதாப் பக்கம் பூனை முடி நீண்டது. இப்போது த்ரெடிங்கில் அதுவும் ஒரு வேலை. நிஜப் பூனை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். இந்த மருந்து பூனைக்கு விஷம், தடவிய தலையை நக்கினாலே ஆபத்து. எங்கள் வீட்டுப் பூனை இரவில் இப்போது ஹாலில்தான்.

2024-ல் தங்கச்சி பிரசவத்துக்காக ஊருக்குப் போய் இரண்டு மாதம் தடவவில்லை. தடவாவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போமே என்ற திமிரும் இருந்தது. கொஞ்ச நாளில் குட்டி முடிகளெல்லாம் உதிர்ந்தன. மறுபடி ஆரம்பித்து, பழைய நிலைக்கு வர ஏழு மாதம். குழந்தை பிறந்த நாலாவது மாதம் தங்கச்சிக்கும் கொட்டியது. "உன் மருந்தைக் கொஞ்சம் கொடுக்கா" என்றாள். கொடுக்கவில்லை. கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் இதைத் தொடக்கூடாது. பிரசவத்துக்குப் பிந்திய உதிர்வு பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகச் சரியாகும். அவளுக்கு ஆனது.

இன்றைய நிலவரம்: ரப்பர் பேண்ட் மூன்று சுற்று. இரண்டுக்குத் திரும்பவில்லை, திரும்பாது என்றும் நினைக்கிறேன். வகிடு பாதி மூடியிருக்கிறது. வெயிலில் மண்டை சுடுவதில்லை. ஃபெரிட்டின் 52. பொட்டோரம் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குக் குறைந்த அளவு மினாக்ஸிடிலை மாத்திரையாகவே போடலாம் என்கிறார் டாக்டர். கால் வீங்கலாம், உடம்பெங்கும் முடி வளரலாம் என்றும் சொல்கிறார். கிருதாவே போதும் என்றிருக்கிறது எனக்கு. ஒரு மாதம் பி.பி. எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை இரவு ஒன்பதரைக்கு அரை மூடி நுரை, பூனை ஹாலில்.