கிராயின் ஃப்ளாப்பா, ஃப்ரீ ஃப்ளாப்பா?

புறங்கைத் தோல் பிய்ந்து, தசைநாண் அதன் மேலுறைகூட இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தால் அதன்மேல் மெல்லிய தோல் ஒட்டு பிடிக்காது. சொந்த ரத்த ஓட்டத்தோடு வரும் தடித்த தோல்தான் வேண்டும்; அதைத்தான் ஃப்ளாப் என்கிறார்கள்.

1972-இல் மெக்ரிகர், ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர்கள் விவரித்த கிராயின் ஃப்ளாப்பில், தொடை இடுக்குத் தோலின் ஒரு முனையை உடம்போடு விட்டுவிட்டு, மறுமுனையைக் கையில் தைப்பார்கள். சுமார் 3 வாரம் கை அங்கேயே கிடக்கும். சட்டை மாட்டுவது, புரண்டு படுப்பது எல்லாமே பெரும்பாடு. தோளும் முழங்கையும் இறுகும். வயதானவர்களுக்கு இது பெரிய தொல்லை. அப்புறம் பிரிக்க இன்னொரு அறுவை. ஆனால் மைக்ராஸ்கோப்பும் வேண்டாம், காயத்தருகே நல்ல ரத்தக்குழாயும் வேண்டாம்.

ஃப்ரீ ஃப்ளாப்பில் தொடைத் தோலை ரத்தக்குழாயோடு தனியே வெட்டியெடுத்து, ஓரிரு மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி தலைமுடியைவிட மெல்லிய நூலால் கையில் இணைக்கிறார்கள். பல மணி நேர வேலை. முதல் நாள் முழுக்க அடிக்கடி அந்தத் தோலின் நிறம் பார்ப்பார்கள்: நீலம் பாரித்தால் சிரையில் அடைப்பு, வெளிறினால் தமனியில். உடனே மறுபடி ஆபரேஷன் தியேட்டர்தான். ஃப்ளாப் பிழைத்துவிட்டால் கையை உயர்த்தி வைக்கலாம், விரல்களைச் சீக்கிரம் அசைக்கலாம்.

(இரண்டிலுமே புறங்கை மெத்தைபோல் உப்பலாம்; பிறகு கொழுப்பைக் குறைக்க நேரும்.)

தேர்ந்த குழு இருந்தால் என் ஓட்டு இரண்டாவதற்கே. குழாய்கள் நசுங்கிப்போன கையா? சரி, 3 வாரம் பொறுத்துக்கொள்ளலாம்.