ஹோஸ்ட் ஊருக்குப் போய்விட்டால் உலகம் யாரிடம்?

பெங்களூரில் நாங்கள் நான்கு நண்பர்கள்: பி.டி.எம். லேஅவுட் அறையில் இரண்டு பேர், அல்சூரில் ஒருவன், ஒயிட்ஃபீல்டில் நான். சனிக்கிழமை எங்காவது கூடலாம் என்றால், சில்க் போர்டைத் தாண்டும் நேரத்துக்குள் ஒரு வீட்டையே கட்டி முடித்துவிடலாம். அதனால் எங்கள் திண்ணை கணினிக்குள் போய்விட்டது. சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டுகளான வால்ஹைம், டெராரியா, மைன்கிராஃப்ட் மூன்றிலும் குடியிருந்து பார்த்தாயிற்று. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களில் யார் அடிக்கடி ஊருக்குப் போவார்?

சுற்றித் திரிவதற்கு வால்ஹைம்தான். 2021-இல் வந்தது, 10 பேர் வரை சேரலாம். இதில் கட்டடத்துக்கு எடை உண்டு. சுத்தியலோடு ஒரு உத்தரத்தைப் பார்த்தால் நிறம் காட்டும்: தரையைத் தொட்டு நிற்பது நீலம், மேலே போகப்போகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்புக்கு மேலும் ஆசைப்பட்டால் பொலபொலவென்று விழும். முதல் வீட்டில் அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தினோம். புகைபோக்கி வைக்கவில்லை. கறி வேகுமுன் புகையிலேயே உயிர் பாதி போய்விட்டது. பாட்டி வீட்டு அடுப்படிக் கூரையில் ஏன் இடைவெளி விட்டார்கள் என்று அன்று புரிந்தது.

செம்பு, தகரம், இரும்பு எதையும் போர்ட்டல் (ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நொடியில் தாவும் வாசல்) வழியாகக் கொண்டுபோக முடியாது. கப்பலில்தான் ஏற்ற வேண்டும். (இப்போது உலக அமைப்பில் இதைத் தளர்த்திக்கொள்ளலாம். தளர்த்தாதீர்கள்.) நான்கு பேரும் இரும்போடு எதிர்காற்றில் துடுப்புப் போட்ட அந்த ராத்திரியைப் பற்றி இன்னும் பேசுகிறோம்.

சிக்கல் எங்கே என்றால், நாங்கள் ஆடும் உலகம் ஹோஸ்டின், அதாவது அதைத் திறந்து மற்றவர்களைச் சேர்த்துக்கொள்பவனின், கணினியில் இருந்தது. எங்கள் ஹோஸ்ட் சேலத்துக்காரன். வெள்ளி இரவு மடிவாளாவில் பஸ் ஏறினான் என்றால் எங்கள் ஊர், கப்பல், இரும்பு எல்லாம் அவனோடு பூட்டிக்கொள்ளும். எப்போதும் திறந்திருக்கும் தனி சர்வர் வைக்கலாம், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. ஐ.டி.யில் இருக்கும் நான்கு பேரில் ஒருவனும் முன்வரவில்லை.

டெராரியா எங்களுக்கு ஒத்துவரவில்லை. குறை விளையாட்டில் இல்லை. 2011-இல் வந்த இந்த 2டி விளையாட்டு பழைய லேப்டாப்பிலும் ஓடும். உங்கள் ஆளும் அவன் பையில் இருப்பதும் உங்களோடேயே வரும், எந்த உலகத்திலும் நுழையலாம். ஆனால் இதில் கட்டுவதைவிடச் சண்டைதான் அதிகம். வால் ஆஃப் ஃபிளெஷ் என்ற பெரிய அரக்கனை ஒரு தடவை வீழ்த்தினால் அந்த உலகமே ஹார்ட்மோடு என்ற கடினமான கட்டத்துக்கு மாறிவிடும், திரும்ப வழியில்லை. ஒரு வாரம் வராத அல்சூர்க்காரன் உள்ளே வந்ததும், “டேய், நம்ம ஊரை என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றான்.

மைன்கிராஃப்டில் அப்படி யாரும் யாரையும் விட்டுவிட்டு ஓட முடியாது, ஓடிப் போய்ச் சேர இடமும் இல்லை. முதல் இரண்டு வாரம் கழித்து “இனி என்ன செய்யலாம்?” என்று ஒரு சலிப்பு வரும், உண்மை. அப்போது கட்டுகிற கை ஒன்று குழுவில் வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இதன் இரண்டு பதிப்புகளான பெட்ராக்கும் ஜாவாவும் தங்களுக்குள் சேராது. ஒருவர் போனில் ஆடுவார் என்றால் எல்லோரும் பெட்ராக்தான். மாதச் சந்தா கட்டி ரெல்ம் (மைன்கிராஃப்ட்காரர்களே நடத்தும் சர்வர்) எடுத்தால், ஹோஸ்ட் பஸ்ஸில் தூங்கினாலும் உலகம் திறந்திருக்கும்.

நாங்கள் இப்போது இருப்பது அங்கேதான். அல்சூர்க்காரன் தினமும் ராத்திரி அரை மணி நேரம் வந்து, சோமேஸ்வரர் கோயில் கோபுரத்தை மணற்கல்லில் எழுப்புகிறான். படிக்கட்டு பிளாக்கைத் தலைகீழாகத் திருப்பி விளிம்பு செதுக்குகிறான். ஐந்து கலசம் வேண்டுமாம், அதுவும் தங்கத்தில். கலசத்துக்கு ஒரு தங்க பிளாக், ஒரு பிளாக்குக்கு 9 தங்கக் கட்டி, ஆக 45. சேலத்துக்காரன் ஊரிலிருந்து போனிலேயே உள்ளே வந்து தோண்டிக்கொண்டிருக்கிறான். இதுவரை 31 கிடைத்திருக்கிறது.